இன்னொருத்தியின் ழ

பிள்ளை,

இப்படியான கடிதங்களை அப்பாமார் வாழ்த்தோடு தொடங்குவார்கள். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. உன் இசைத்தொகுப்பின் மூன்றாவது பாட்டில், ‘மழை மறந்த மண்ணிலும் நீர்தான் என் வழி’ என்கிற வரியில் கேட்கிற ழ உன்னுடையது அல்ல. அது கோரஸ் பாடிய ஜெசி அக்காவின் ழ. நான்தான் வெட்டி ஒட்டினேன். உன்னிடம் கேட்கவில்லை, அவரிடமும் சொல்லவில்லை. உனக்கு இது ஏற்கெனவே தெரியும். ஆனால் நான் என் வாயால் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இதை ஏன் ஊர் வாசிக்கிற ஒரு இதழில் எழுதவேண்டும் என்று நீ கேட்பாய். பென்டில் ஹில் மண்டபத்தில் நூற்றைம்பது பேருக்கு நடுவில் நின்று பொய் சொன்னவன் நான். பொய்யைச் சபையில் சொல்லிவிட்டு மன்னிப்பை வீட்டுக் குசினிக்குள் கேட்பது சரியில்லை. அந்த நூற்றைம்பது பேரில் பாதிப் பேராவது இதை வாசிப்பார்கள். நீ மெல்பேர்ண் போய் இன்றைக்குப் பதினொரு நாள். போனில் கூப்பிடவேண்டாம் என்றாய், கூப்பிடவில்லை. வருகிற திங்கட்கிழமை அங்கே டண்டினொங்கில் ஒரு சேர்ச் மண்டபத்தை எடுத்து, பதினொரு பாட்டையும் முதலிலிருந்து பாடப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். அங்கிருந்தே வேலை பார்க்கிற உனக்கு விடுமுறை ஐந்து நாள்தான். ஐந்து நாளில் பதினொரு பாட்டு என்றால் மூன்றாம் நாளே தொண்டை போய்விடும். அம்மா உன்னோடு சேர்ந்து பாட வியாழக்கிழமை வருகிறாள். இந்தக் கடிதத்தின் ஒரு பிரதி அவளுடைய கையில் வரும். திங்கட்கிழமைக்கு முன் நீ இதை முழுவதும் வாசிக்கவேண்டும். ஏனென்றால் கடைசியில் சொல்லப்போகிற விஷயம் உன் ஐந்து நாளையும் மாற்றும்.

முதலில் நீ எப்படி இந்தப் பாட்டுக்குள் வந்தாய் என்பதைச் சொல்லவேண்டும். அதிலும் என் பிழை ஒன்று இருக்கிறது. உன்னைப் பெற்றபோது எனக்கு இருபத்தொரு வயது, பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். இலத்திரனியல் படித்தேன். படிப்பு முடிந்ததும் ஒரு அலுவலகத்தில் கொஞ்சக் காலம் குப்பை கொட்டிவிட்டு, மண்டபங்களுக்கும் கிளப்புகளுக்கும் ஒலிபெருக்கி பூட்டுகிற வேலையைத் தனியாகத் தொடங்கினேன். பள்ளிக்கூட விடுமுறையில் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் இருந்தால் உன்னை என் வேலை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவேன். உனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது டபோ என்கிற உள்நாட்டு ஊருக்குப் போனோம், ஐந்து மணித்தியால ஓட்டம். அங்கே ஒரு கிளப்பில் நான் ஏணியில் நின்று வயர் இழுத்துக்கொண்டிருக்க, கீழே மூன்று கிழவர்கள் பின்னேர நிகழ்ச்சிக்கு ஒத்திகை பார்த்தார்கள். ஒருவர் மடிக்கு முன்னால் மேசை மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு, கம்பிகளின் மேல் ஒரு இரும்புத் துண்டை வழுக்க விட்டார். நீ காலியான ஸ்பீக்கர் பெட்டியின் மேல் ஏறி இருந்தாய். இரண்டு மணித்தியாலம் இறங்கவில்லை. தண்ணீர் கூடக் கேட்கவில்லை.

திரும்பி வருகிற வழியில் நீ கேட்டாய்: “அப்பா, அந்தக் கிட்டார் ஏன் அழுகிற மாதிரிக் கேக்குது?”

“அது அழேல்லை. காலாலை பெடலை மிதிச்சா கம்பியின்ரை இழுவிசை மாறும். சுருதி ஏறி இறங்கும். அவ்வளவுதான்.”

சரியான பதில். நீ கேட்ட கேள்விக்கான பதில் அல்ல. நீ “ஓகே” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாய். பிறகு லித்கோ வரும்வரை நீ மெல்லிய குரலில் அந்தக் கிழவர்களின் பாட்டைச் சொற்கள் இல்லாமல் பாடிக்கொண்டு வந்தாய். நான் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதற்காக ரேடியோவைப் போட்டேன்.

பதினான்கு வயதில் நீ கிட்டார் பழகியபோது சாப்பாட்டு மேசையில் சுருதி பார்க்கிற கருவி ஒன்றை உனக்கு முன்னால் வைத்தேன். பாடினால் ஊசி அசையும். சுருதி சரியாக இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. பச்சை வரும்வரை அடுத்த வரிக்குப் போகக்கூடாது என்று ஒரு சட்டம் போட்டேன். எனக்கு அது மிக நல்ல முறையாகத் தெரிந்தது. அளக்கக்கூடியது, விவாதம் இல்லாதது. அந்தப் பள்ளித் தவணை முழுவதும் நீ வீட்டில் பாடவில்லை என்பது அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். “பிள்ளை பக்கத்துப் பார்க்கிலை போய்ப் பாடிப்போட்டு வாறாள். உங்களுக்குக் கேக்கேல்லையோ?” என்றாள். வீடு அமைதியாக இருக்கிறது என்று மட்டும் கவனித்திருந்தேன். அமைதி எனக்குப் பிடித்தும் இருந்தது.

பிறகு நீ பப்புகளில் பாடத் தொடங்கினாய். பென்றித், வின்ட்சர், பிறகு வெளியூர்கள். லொறியும் தூசியும் வறட்சியும் பற்றிய பாட்டுகள். நகரத்துக்குள், கிரவீனில் பிறந்து வளர்ந்த பிள்ளை. நீ பார்த்த மாடெல்லாம் பால் பெட்டியில் இருந்த மாடுதான் என்று நான் பகிடி பண்ணியிருக்கிறேன். நீயும் சிரித்தாய். ஆனால் அதை நான் நாலு வருடமாகத் திரும்பத் திரும்பச் சொன்னேன், நீ முதல் இரண்டு தடவைதான் சிரித்தாய். ஊரும் சும்மா இருக்கவில்லை. பென்டில் ஹில் பலசரக்குக் கடையில் ஒரு அங்கிள் வழிமறித்தார். எங்கள் சங்கத்தில் எல்லா நிகழ்ச்சிக்கும் முன்வரிசையில் இருப்பாரே, அவர்தான்.

“தம்பி, மகள் பப்பிலை பாடுறாவாம். உண்மையோ?”

“ஓம் அங்கிள். சனிக்கிழமை மத்தியானம் வாங்கோ, சாப்பாடும் நல்லம்.”

“என்ன பாட்டுப் பாடுறா?”

“மாடு, லொறி, மழை வராத கதை.”

“மாட்டை விட்டிட்டுத்தானே தம்பி இஞ்சை வந்தனாங்கள்” என்றார். முருங்கைக்காயைத் தெரிவு செய்தபடியே சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

போன வருடம் நீ அந்தச் செய்தியோடு குசினிக்கு வந்தாய். நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“அப்பா, ஐ வான்ட் டு மேக் எ கொஸ்பெல் ஆல்பம். கன்ட்ரி சவுண்ட்தான், ஆனா ஜீஸஸ் பாட்டு. பாதி இங்கிலீஷ், பாதி தமிழ்.”

“உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதே.”

“அம்மா எழுதித் தருவா. நான் இங்கிலீஷ் எழுத்திலை எழுதி வச்சுப் பாடுவன்.”

“பப்பிலை கேக்கிற ஆக்கள் இதைக் கேப்பினமோ?”

“தெரியாது. நான் அவைக்காகச் செய்யேல்லை.”

“பின்னை ஆருக்காக?”

அம்மா வெங்காயத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். உன் அம்மா சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரி, நான் சைவம் என்று பதிவுப் பத்திரத்தில் இருக்கிறது. உண்மையில் நான் கோயிலுக்கும் போவதில்லை, சேர்ச்சுக்கும் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் இருவரையும் இறக்கிவிட்டு, கார் தரிப்பிடத்தில் மடிக்கணினியோடு இருந்திருக்கிறேன். உள்ளே எதிரொலி மோசம், கூரை பிழை என்பதுதான் அந்த இடத்தைப் பற்றி எனக்கிருந்த ஒரே கருத்து. யாருக்காகப் பாடுகிறாய் என்று நான் கேட்டது குத்தலுக்குத்தான். விடை உனக்குத் தெரிந்திருந்தது, நான் அதைக் கேட்கத் தகுந்த ஆள் இல்லை என்பதும் உனக்குத் தெரிந்திருந்தது. எனவே நீ வேறு ஒன்றைக் கேட்டாய்: “ரெக்கோர்ட் பண்ணித் தருவீங்களோ?” ஓம் என்றேன். அந்த ஒரு சொல்லை மட்டும் அன்றைக்குச் சரியாகச் சொன்னேன்.

இனி ழ. வெளியாட்கள் வாசிப்பதால் விளக்கமாகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்து ஆட்களின் வாயில் ழ இல்லை. எழுதுவோம், சொல்லமாட்டோம். மழையை மளை என்போம், வழியை வளி என்போம். சுத்தமான தமிழ் எங்களுடையது என்று எந்த மேடையிலும் சொல்லுவோம். அந்தத் தமிழையே தமிள் என்றுதான் சொல்லுவோம். வீட்டுக்குள் இது ஒரு பிரச்சினையே அல்ல. பிரச்சினை வெளியே.

எனக்கு இருபத்துமூன்று வயது. முதல் வேலை. வீட்டில் உனக்கு இரண்டு வயது. அலுவலகத்தில் சென்னையிலிருந்து வந்த இரண்டு பேர் இருந்தார்கள். என் வயதுதான், கெட்டவர்கள் அல்ல. தமிழ் என்றதும் எனக்குச் சந்தோஷம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய் அவர்களோடு இருந்தேன். மூன்றாம் நாள் ஒருவர், “எங்க, வாழைப்பழம் சொல்லுங்க பாப்போம்” என்றார். சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். “இன்னொரு தடவ, இன்னொரு தடவ.” அடுத்த மேசைக்காரனைக் கூப்பிட்டு, “இவர் சொல்றதக் கேளேன்” என்றார்கள். நான் இன்னொரு தடவையும் சொன்னேன். அன்றிலிருந்து அந்த அலுவலகத்தில் இருந்த நாலு வருடமும் ஒரு தமிழ்ச் சொல் பேசவில்லை. அவர்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். இதை அம்மாவுக்குக்கூடச் சொன்னதில்லை. அவளும் இந்தக் கடிதத்தில்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள். இது சாட்டு அல்ல. இயந்திரம் பழுதானால் எந்தப் பாகத்தில் தொடங்கியது என்று பார்க்கிறோமே, அந்த மாதிரிச் சொல்கிறேன்.

உன் பாட்டுகளில் தமிழ்ப் பாட்டு ஐந்து. அம்மா எழுதியதில் அந்த மூன்றாவது பாட்டுத்தான் மிக நல்ல பாட்டு. வறட்சியில் ஒருத்தி மண் ரோட்டில் கார் ஓட்டிக்கொண்டு போகிறாள், வானத்தில் ஒன்றும் இல்லை, அவள் ஆண்டவரோடு பேசுகிறாள். நீர் என்றால் தண்ணியும்தான், ஆண்டவரும்தான் என்று அம்மா விளக்கியபோது நீ சோபாவிலிருந்து எழும்பி அவளைக் கட்டிப்பிடித்தாய். உன் பப்புப் பாட்டும் உன் சேர்ச்சுப் பாட்டும் ஒரே பாட்டாகிற இடம் அது. கோரஸ் நாலு தரம் வரும். ஒவ்வொரு கோரஸிலும் மழை ஒன்று, வழி ஒன்று. மொத்தம் எட்டு ழ.

ஜனவரிக் கோடையில் பதிந்தோம். கராஜின் சுவர் முழுக்கப் பழைய போர்வைகள் தொங்கவிட்டிருந்தேன். வெளியே நாற்பது பாகைக்கு மேல். மைக்கில் சத்தம் விழும் என்று மின்விசிறியையும் நிற்பாட்டினேன். நீ உள்ளே ஹெட்போனோடு நின்றாய். நான் வாசலுக்கு வெளியே கணினியோடு இருந்தேன். எனக்கு முன்னால் ஒரு சின்ன மைக், அதன் பொத்தானை அழுத்தினால் நான் சொல்வது உன் ஹெட்போனில் கேட்கும். மற்றப் பாட்டெல்லாம் இரண்டு மூன்று தரத்தில் முடிந்தது. நீ நன்றாகப் பாடுகிறாய், பிள்ளை. நான் சொல்லியிருக்கவேண்டிய இடம் அது. சொல்லாமல் அடுத்த பாட்டைத் திறந்தேன்.

அந்தப் பாட்டை முதல் தரம் பாடி முடித்ததும் கோரஸ் பாட வந்திருந்த ஜெசி அக்கா மெதுவாகச் சொன்னார். அவர் திருநெல்வேலிப் பக்கம், கிரவீனில் எங்களுக்கு இரண்டு வீதி தள்ளி இருக்கிறவர், அம்மாவின் சேர்ச். “அண்ணா, அது வழில்ல? பாப்பா வளின்னு பாடுறா. வளின்னா காத்து.”

“நாங்கள் அப்பிடித்தான் சொல்லுறனாங்கள்” என்றேன்.

“ஐயோ, தப்புன்னு சொல்லலண்ணா. கேக்க நல்லாத்தான் இருக்கு.”

அவர் சிரித்தார். சாதாரணச் சிரிப்பு. எனக்கு அந்த அலுவலகச் சாப்பாட்டு மேசை கேட்டது. அவரை வேறொரு நாள் வரச்சொல்லி அனுப்பிவிட்டு, பொத்தானை அழுத்தி, “திரும்ப” என்றேன். பத்தொன்பது தரம் பாடினாய். எட்டாம் தரத்தில், “அப்பா, சீரியஸ்லி, என்ரை நாக்கு அங்கை போகுதில்லை” என்றாய். நாக்கும் ஒரு தசைதான், பழக்கினால் போகும் என்றேன். என்னாலும் அதைச் சொல்ல முடியாது என்பதை நீ சுட்டிக்காட்டவில்லை. நீ நாகரிகமானவள். பதினைந்தாம் தரத்துக்குப் பிறகு நான் இன்னும் சில வார்த்தைகள் சொன்னேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டு கிழமை கழித்து ஜெசி அக்கா வந்தார். கோரஸ் பாடி முடித்ததும், மைக்கின் அளவு பார்க்கவேண்டும், மழை, வழி என்று சும்மா சில தரம் சொல்லுங்கள் என்றேன். சொன்னார். அவர் போன பிறகு அந்த ழ-வை மட்டும் வெட்டி எடுத்தேன். ஒவ்வொன்றும் ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சுருதியை உன் சுருதிக்கு மாற்றி, குரலின் தடிப்பை உன் தடிப்புக்குக் கொண்டுவந்து, உன் ம-வுக்கும் ஐ-க்கும் நடுவில் வைத்தேன். மூன்று நாள் வேலை. இதுவரை நான் செய்த வேலைகளில் இவ்வளவு துப்புரவானது வேறு இல்லை. அதுதான் வெட்கக்கேடு. அதைச் செய்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பென்டில் ஹில் மண்டபத்தில் அந்த ஐந்து தமிழ்ப் பாட்டையும் போட்டுக் காட்டிய அன்று நீ கடதாசித் தட்டில் றோல்ஸோடு என் பக்கத்தில் நின்றாய். முருங்கைக்காய் அங்கிள் வந்தார். சாமிப் பாட்டு என்றால் எந்தச் சாமி என்றாலும் பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டு முதல் ஆளாக வந்திருந்தார்.

“தம்பி, இஞ்சை பிறந்த பிள்ளை. என்ன ழகரம் அது. எங்களுக்கே வராது. எப்பிடி?”

“வீட்டிலை தமிழ்தான் கதைக்கிறம் அங்கிள். சின்னனிலையிருந்து சொல்லிக் குடுத்தனான்.”

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அன்ரி தன் மகனைக் கூப்பிட்டு, “கேட்டியோ, அக்காவைப் பார்” என்றார். அந்தப் பொடியன் உன்னை முறைத்தான். நீ றோல்ஸை அப்படியே தட்டில் வைத்தாய்.

காரில் அம்மா பின்னால் இருந்தாள். நீ கேட்டாய், “அந்த சவுண்ட் நான் பாடினதோ?”

“பதினேழாவது தரம் வந்தது. உனக்கு ஞாபகம் இல்லை.”

“அப்பா, எட்டுத் தரமும் நாக்கு ஒரே மாதிரி மடியுது. மனுசர் அப்பிடிப் பாடமாட்டினம்.”

நூற்றைம்பது பேரில் உனக்கு மட்டும்தான் அது கேட்டிருக்கிறது. உன் காதைப் பற்றி நான் எட்டு வருடம் கவலைப்பட்டது வீண் வேலை. ஞாயிறு சேர்ச் முடிய நீ ஜெசி அக்காவுக்குப் போட்டுக் காட்டினாய். அவர் வீட்டுக்கே வந்தார். வந்து என்னிடம் சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். “கேட்டிருந்தா மாட்டேன்னு சொல்லிருப்பேன்ணா. அவ வளின்னு பாடுறத நான் மூச்சுன்னு எடுத்துக்கிட்டேன். அதுவும் அந்தப் பாட்டுக்குப் பொருத்தமாத்தான் இருந்துச்சு. இப்ப அவ வாயிலயும் நான் இருக்கேன், கோரஸ்லயும் நான் இருக்கேன். நல்லாவா இருக்கு?” என்றார். அம்மா அன்றைக்கு மேசையில் சாப்பாட்டை வைத்துவிட்டு, “பிள்ளையின்ரை வாயிலை வேறை ஆளின்ரை நாக்கை வச்சவர் சாப்பிட வாறாரோ?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். போய்ச் சாப்பிட்டேன். மீன் குழம்பு.

அடுத்த நாள் நீ ஒன்றே ஒன்றைக் கேட்டாய். சண்டை பிடிக்கவில்லை. நான் கைவைக்காத முதற்பதிவுகளைத் தரச்சொன்னாய், மெல்பேர்ணில் வேறொருவரிடம் கொடுத்து மிச்ச வேலையைச் செய்விக்கலாம் என்றாய். நான், “அதெல்லாம் இல்லை. டிஸ்க்கிலை இடம் காணாமல் மேலை பதிஞ்சிட்டன்” என்றேன். “பதினொரு பாட்டுமோ?” “பதினொன்றும்.” “சரி” என்று சொல்லிவிட்டுப் போய் உடுப்பு அடுக்கினாய்.

அவை இருக்கின்றன, பிள்ளை. பதினொரு பாட்டும், நீ பாடிய ஒவ்வொரு தரமும், ஒரு நொடி குறையாமல் இருக்கிறது. மண்டபத்தில் சொன்ன பொய் பெருமைக்காக. இந்தப் பொய் அதைவிட மோசம், உன்னைத் திரும்பப் பாட அனுப்பிய பொய்.

ஏன் சொன்னேன் என்றால், எந்தத் தரம் எது என்று பிறகு பிரித்துப் பார்க்க வசதியாக என் சின்ன மைக்கையும் ஒரு தனித் தடத்தில் பதிய விட்டிருந்தேன். உன் முதற்பதிவுகளைத் திறக்கிற எவருக்கும் நான் உனக்குச் சொன்னதெல்லாம் கேட்கும். மண்டபத்துக்கு முதல் நாள் அதை ஒருமுறை போட்டுக் கேட்டேன். பதினைந்தாம் தரத்துக்குப் பிறகு என் குரல், “உன்ரை மொழியே உன்ரை வாயிலை வராட்டி எந்த வாயாலை ஆண்டவரைக் கூப்பிடுறாய்?” என்கிறது. பிறகு, “இதை என்ரை மகள் எண்டு வெளியிலை போட எனக்கு வெக்கமாயிருக்கு.” பிறகு பொத்தான் விடுபடுகிற சத்தம். பிறகு நீ தொண்டையைச் செருமிவிட்டுத் திரும்பவும் முதல் வரியிலிருந்து பாடுகிறாய். பதினாறாம் தரம். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. நான் அதைக் கேட்டபோது, உன் குரல் நடுங்கியிருந்தால் நல்லது என்று நினைத்தேன். இந்த வார்த்தைகளைச் சொன்னது எனக்கு ஞாபகமே இருக்கவில்லை. கோபத்தில் சொன்னதாகவும் ஒலிக்கவில்லை. ஒரு வயர் பிழையாகப் பூட்டியிருக்கிறது என்று சொல்கிற குரல்தான்.

அதை முன்பின் தெரியாத ஒரு மெல்பேர்ண்காரர், அதைவிட நீ, திரும்பக் கேட்பதை என்னால் தாங்க முடியவில்லை. அந்த ஒரு தடத்தை அழித்துவிட்டு மிச்சத்தைத் தரலாம் என்றுகூட அன்றைக்குத் தோன்றாமல், உன் பாட்டு முழுவதையும் இல்லை என்று சொன்னேன். என் ஒரு தடத்தைக் காப்பாற்ற உன் எல்லாத் தடத்தையும் புதைத்தேன்.

உனக்குப் புத்தி சொல்லுகிற இடத்தில் நான் இல்லை. ஆனால் வேலை தெரிந்தவன் என்ற முறையில் சில விஷயம் சொல்லலாம். உன் குரலில் மேலே ஒரு கூர்மை இருக்கிறது, சத்தமாகப் பாடும்போது கொஞ்சம் குத்தும். மெல்பேர்ண்காரர் அதைக் குறைக்கத்தான் முதலில் பார்ப்பார். விடாதே, அதுதான் நீ. ஆங்கிலப் பாட்டுகளில் மூச்செடுக்கிற சத்தத்தை நான் எல்லா இடத்திலும் அழித்திருந்தேன், முதற்பதிவில் அவை இருக்கும், அப்படியே இருக்கட்டும். மூன்றாவது பாட்டில் முதல் தரத்தையே எடு. மற்றப் பதினெட்டும் நீ எனக்குப் பயந்து பாடியது. முதல் தரத்தில் நீ வளி என்கிறாய், நான் சொல்லுகிற மாதிரியே, அம்மா சொல்லுகிற மாதிரியே. யாராவது திருத்த வந்தால் திருத்தட்டும். பாட்டுக்கு நடுவில் எவனாவது உன் நாக்கைப் பற்றிப் பேசினால் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வா. அவன் அப்பாவாக இருந்தாலும்தான். நீ அன்றைக்கு அப்படி வந்திருக்கவேண்டும். வராமல் பாடினாய், என் வேலையை மதித்து.

மண்டபத்து ஆட்களுக்கு: என் மகளுக்கு ழ வராது. எனக்கும் வராது. சின்ன வயதிலிருந்து நான் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. முறைத்த அந்தப் பொடியனிடம் யாராவது இதைச் சொல்லிவிடுங்கள்.

இனி, அந்தப் பதிவுகள் இருக்கிற டிரைவ். கறுப்புப் பெட்டி, உள்ளங்கை அளவு. அம்மாவின் கைப்பையில், கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். பதினொரு கோப்புறை, பாட்டின் வரிசையிலேயே. ஒவ்வொன்றிலும் உன் குரல், உன் கிட்டார், அம்மா, ஜெசி அக்கா எல்லாம் தனித்தனியாக இருக்கிறது. ஒலி கலக்கிற ஆள் யாராக இருந்தாலும் பத்து நிமிடத்தில் திறந்துவிடலாம். என் குரல் உள்ள தடத்துக்கு ‘அப்பா’ என்று பெயர் வைத்திருக்கிறேன். அதை அழித்துவிட்டுக் கொடுக்கலாம் என்று நேற்று முழுவதும் யோசித்தேன். பதினொரு தரம் சொடுக்கினால் போதும், ஒருவருக்கும் தெரியவராது. அழிக்கவில்லை. உனக்கு எது வேண்டுமோ செய். அழி, வை, போட்டுக் கேள். இனி நான் அதில் கைவைக்க முடியாதபடி வீட்டுக் கணினியில் இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டேன். என் தொழிலில் இதைவிட மடத்தனம் கிடையாது. ஆகவே கிடைத்ததும் முதல் வேலையாக, தேத்தண்ணி குடிக்கமுதல், இரண்டு பிரதி எடுத்து வேறு வேறு இடத்தில் வை. என்னிடம் ஒன்றும் இல்லை.

அப்பா